கோரிக்கை எண் ஏழு

ஐயா,
தங்கள் கடிதம் கோத்தகிரி வந்து சேரப் பதினோரு நாள்.
குஞ்சப்பனையில் மண் சரிந்திருந்தது.
‘இதில் புதுமை எது’ என்று எழுதியிருக்கிறீர்கள்.
கேள்விக்குறி இல்லை.
கேள்விதானா என்று இரண்டுமுறை படித்தேன்.

புதுமை இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.
தேயிலை ஆலையில்
உலர்ந்த தூள் நடுங்கும் தட்டின்மேல் நகரும்.
மேலே உருளைகள்,
கம்பளியில் தேய்ந்து தேய்ந்து மின்னேறியவை.
நார் மட்டும் எழும்பி ஒட்டிக்கொள்ளும்,
தூள் தன்பாட்டுக்குப் போகும்.
ஒன்பது வருஷம் அவற்றைத் துடைத்தவள் நான்.
கிட்டே போனால் முழங்கை மயிர் எழுந்து நிற்கும்.
தொடாமலே பிரிக்கலாம் என்பது
எனக்கு முன்பே என் தோலுக்குத் தெரியும்.
இதை ‘முன்பே அறிந்தவை’யில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாள்.
ஆடிப் பனிமூட்டம் மூன்று நாள் போதும்,
உருளைக்கிழங்கு இலை கருகி
வயலெங்கும் காயாத துணியின் நாற்றம்.
வேலியோரம் காட்டு இனம் ஒன்று நின்றது.
கோலிக்குண்டு கிழங்கு,
வாயில் வைக்க முடியாத கசப்பு,
நோய் மட்டும் அதைத் தொடவில்லை.
இரண்டுக்கும் மகரந்தம் ஒத்துப்போகாது.
பூவுக்கும் பூவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, பூவை விட்டுவிடலாம் என்றேன்.

இலையை நறுக்கி நொதியில் ஊறவைத்தால்
சுவர் கரைந்து செல் அம்மணமாக நிற்கும்:
பச்சை உருண்டை, ஊதினால் உடையும்.
இரு கம்பிகளுக்கு நடுவே ஒரு துளி.
மாறுமின்சாரம் பாய்ந்ததும்
சிதறிக் கிடந்தவை ரேஷன் கடை வரிசையாய்
முதுகில் மூக்கு இடிக்க நிற்கும்.
அப்போது ஒரு துடிப்பு.
இமைப்பொழுதைப் பத்தாயிரமாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டு.
கூடினால் வெந்துபோகும்,
குறைந்தால் விலகிப்போகும்.
சரியாக விழுந்தால்
நடுவிலிருந்த கோடு
இருந்த இடம் தெரியாமல் போகும்.

அந்தத் துடிப்பு என்னுடையதல்ல.
பேட்டரிக் கடை மாடியில்
இன்வெர்ட்டர் பழுதுபார்த்த ஜியாவுதீனுடையது.
பத்தாம் வகுப்பு அறிவியலில் தவறியவன்.
தவளை ஞாபகம் வருகிறதென்று
நுண்ணோக்கியில் கண் வைக்கவே மாட்டான்.
‘மெதுவாகத் தட்ட வேண்டும்’ என்றேன்.
‘மெதுவு என்றால் எத்தனை வோல்ட்?’
அந்தக் கேள்வி ஆறு மாதம் தின்றது,
இரண்டு அலைக்காட்டிகளையும்.

சேர்ந்த இரட்டையும் சேராத ஒற்றையும்
ஒரே துளியில் கலந்து கிடக்கும்.
மறுபடி தேயிலை ஆலைதான்,
இம்முறை நகக்கண் அகலத்தில்.
பெரியது ஓரம் இழுபடும், சின்னது ஒழுகிப் போகும்.
கோரிக்கை எண் ஏழு இதுதான்.
சேர்த்த மின்சாரமே பிரிக்கவும் வேண்டும்,
அளவு மட்டும் வேறு.

பன்னிரண்டாயிரத்தில் நாற்பது தேறின.
நாற்பதில் ஒன்று முளைவிட்டது.
புயல் வாரத்தில் ஊரே இருண்டபோது
அந்த ஒன்றின் விளக்குக்கு
லாரி பேட்டரியைத் தோளில் தூக்கிவந்தான்,
சட்டையில் அமிலம் தின்ற ஓட்டைகளோடு.
இதுவரை மூன்று ஆடி கண்டுவிட்டது. இலை பச்சை.

கிழங்கு எலுமிச்சை அளவு.
அறிக்கையில் எழுதக்கூடாதது ஒன்று:
வேகவைத்து உப்புப் போட்டு இருவரும் தின்றோம்.
இரவுவரை நாக்கு கூசியது.
‘நோய்க்கும் இப்படித்தான் இருந்திருக்கும்’ என்றான்.

ஆகவே ஐயா, படிவத்தைத் திருத்தி அனுப்புகிறேன்.
கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில்
சுசீலா பெள்ளி என்று இருந்தது. அடிக்கவில்லை.
பக்கத்தில் அவன் பெயர்,
இடம் போதாமல் கோட்டின்மேல் ஏறி நிற்கிறது.
இப்போது திருப்பூரில், சாயப்பட்டறை மோட்டார்களோடு.
கையெழுத்துக்கு நேரில் போய்வந்தேன்.
ஓரத்தில் கிரீஸ் பட்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி கேட்டிருந்தீர்கள்.
இந்த வருஷக் கிழங்கு கொஞ்சம் பெரிது,
கசப்பு அப்படியே.
அனுப்பவில்லை.
பதினோரு நாளில் தபால் பையிலேயே முளைத்துவிடும்.